பந்து துரையின் சாட்சி

"ஐயா, இது எம் புள்ள இல்லீங்க. சத்தியமா இல்லீங்க!"

இராசம்மா கதறியதை வேலப்பன் இன்ஸ்பெக்டருக்கு மலாய் மொழியில் எடுத்துச் சொன்னான். அவன் தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவர். தோட்டத்து ஆட்களை விசாரிப்பதென்றால் பேச்சை மாற்றிச் சொல்ல அவனைத்தான் இழுத்து வருவார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கித்தான் விரிப்பின் மேல் பிணம் கிடந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில் போலீஸ் சுட்டது. தூக்கி வருவதற்குள் மழையில் ஊறிப்போயிருந்தது. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

"எல்லாத் தாயும் இப்படித்தான் சொல்லுவா" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் மகன்தான் என்று ஒப்புக்கொண்டால், கலகக்காரனின் தாய் என்று அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவசரகாலச் சட்டம் அப்படி. பெற்றவள் வேறு என்ன சொல்லுவாள் என்று வேலப்பனும் நினைத்துக்கொண்டான்.

அவள் மகன் சின்னையா யூனியனில் இருந்தவன். போலீஸ் யூனியன் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியதும் காட்டுக்குள் ஓடிவிட்டான். அவன் படம் போட்டுத் தேடும் நோட்டீஸ் பிரிஞ்சாங் கடைத்தெரு முழுக்க ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால், தோட்டத்துக் கால்பந்து டீமில் இடது பக்கம் ஆட அவனை விட்டால் ஆள் கிடையாது.

"பந்து துரையைக் கூப்பிடுங்க. அவருக்குத் தெரியாத காலா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பந்து துரை என்று தோட்டமே கூப்பிடும் ஹார்ட்லி துரை கைத்தடியோடு வந்தார். முதல் உலகப் போருக்கும் முன்னால் இங்கிலாந்தில் பேர் பெற்ற ஆட்டக்காரர். முட்டி உடைந்ததும் பேனாவைப் பிடித்தார். ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதியே கிழவரானார். ஓய்வுக்கு இந்த மலைக்கு வந்தவர், வெறுங்காலோடு ஓடிய சின்னையாவைப் பார்த்து அசந்துபோய்ச் சிங்கப்பூர் பேப்பரில் எழுதினார். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"தொரை, தெரியலன்னு சொல்லிருங்க லா" என்று வேலப்பன் அவர் காதோரம் கெஞ்சினான். "அந்தப் பொம்பள பாவம்."

கிழவர் வலிக்கிற முட்டியை மடக்கிப் பிணத்தருகே உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சேற்றைத் துடைத்து, கணுக்காலை மெல்லத் தடவினார்.

"சின்னையாதான்" என்று இன்ஸ்பெக்டரிடம் மலாயில் சொன்னார். "இந்தக் காலைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

வேலப்பன் அதை இராசம்மாவுக்கு வேண்டாவெறுப்பாகத் தமிழில் சொன்னான்.

"அடப்பாவி!" இராசம்மா சீறினாள். "வாய் கூசாம சொல்றீங்களே தொரை! கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவர் தடுமாறி எழுந்து, அவளிடம் தோட்டத்துத் தமிழில் சொன்னார். "போதும் இராசம்மா. இத்தனை வருசம் போலீஸ் தேடினது போதும். இனிமே வேணாம்."

அவள் அவர் முகத்தையே வெறித்தாள். சட்டென்று வாய் கோணியது. "ஐயோ, என் ராசா!" என்று பிணத்தின் மேல் விழுந்து அலறினாள்.

அடுத்த வாரம் துரை பேப்பரில் சின்னையாவின் சாவைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணி அதைப் படித்துச் சொன்னபோது லயத்து வீடுகளின் ஆட்கள் காறித் துப்பினார்கள். சாட்சி சொல்லிக் கொன்றுவிட்டு ஒப்பாரி வேறா? கிழவர் திடல் பக்கம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கலைந்து போனார்கள்.

இராசம்மாவுக்கு நாடு கடத்தும் உத்தரவு வந்தது. தாப்பா ரயிலடிக்கு அவளை ஏற்றிச் செல்லும் வேலை வேலப்பன் தலையில் விழுந்தது. லாரியின் பின்னால் துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள். முன்னால் அவனும், மூட்டையை அணைத்தபடி அவளும்.

மலை வளைவுகளில் இறங்கும்போது அவனால் அடக்க முடியவில்லை.

"அந்தக் கெழவன் நல்லாவே இருக்கமாட்டான் அத்தே. ஒத்த வார்த்த, தெரியலன்னு சொல்லியிருந்தா நீ இங்கயே இருந்திருப்பே."

"அவர வையாதடா" என்றாள் இராசம்மா.

"வையாம? உன்னக் கப்பல்ல ஏத்திட்டானே!"

"ஏத்தட்டும்."

அவள் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் சாய்ந்தாள்.

"நான் சொன்னதுதாண்டா நெசம். அது எம் புள்ள இல்ல. யாரு பெத்த புள்ளையோ, என் புள்ளையா நெனச்சுத்தான் மண்ணு போட்டேன்... செத்துப்போனவன இனி எந்தப் போலீஸ்டா தேடப்போவுது?"