வரி முடிவில் ஒரு குறி

“நாலாயிரத்து இருநூறு வரி சார்! அம்புட்டும் நான் எழுதுனது. இப்ப அம்புட்டும் அவன் பேர்ல நிக்குது!”

ராஜபாளையம் மில்லின் டைம் ஆபீஸிலிருந்து பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தலைமை ஆபீஸுக்கே வந்து கத்தினார் உக்கிரபாண்டி.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தத் தொழிலாளிக்கு எந்த ஷிப்ட் என்று பிரித்துத் தரும் புரோகிராமைத் தட்டுத் தடுமாறி எழுதி முடித்தவர். வாரா வாரம் அதைத் திருத்தி, பிளாப்பியில் போட்டு மில் வேனில் அனுப்புவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பெரிய மிஷினில் அதை ஏற்றுவார்கள். எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டது என்று அந்த மிஷினே குறித்து வைத்துக்கொள்ளும்.

மூன்று வருஷத்துக்கு முன், தனக்கு வரவேண்டிய கம்ப்யூட்டர் இன்சார்ஜ் நாற்காலியில் டிகிரியோடு வந்து உட்கார்ந்த அபுதாஹிரை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த வாரம் அந்த மிஷின் குறித்த பெயர்ப் பட்டியல் அச்சாகி அவர் கைக்கு வந்தது. இன்று வசமாக மாட்டினான்.

மேனேஜர் பொன்னுராஜ் அவன் பக்கம் திரும்பினார். “என்னப்பா இது?”

“ஒரு எழுத்தைக்கூட மாத்தலை சார்” என்றான் அபுதாஹிர்.

“அதைத்தான் நானும் சொல்றேன்!” என்று குறுக்கே பாய்ந்தார் உக்கிரபாண்டி. “ பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தாப் பாத்துட்டேன். எழுத்து மாறலை, பேரு மட்டும் மாறியிருக்கு. ஏலே, அடுத்தவன் வீட்டுக் குடத்துல உன் பேரை வெட்டிக்கிட்டியே!”

அபுதாஹிர் தன் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பதில் சொல்லு. இல்லேன்னா இன்னையோட வீட்டுக்குக் கிளம்பு.” மேனேஜர் குரல் ஏறியது.

“அவிய சொல்ல மாட்டாவ சார். நான் சொல்றேன்.” புரோகிராம் ஏற்றும் நூர்பானு எழுந்தாள்.

“நூரு, நீ உக்காரு” என்றான் அபுதாஹிர்.

“நீங்க சும்மா இருங்கண்ணே.”

இந்த வாரம் வந்த பிளாப்பியைப் போட்டு ஏதோ தட்டினாள். திரையில் உக்கிரபாண்டியின் புரோகிராம். ஒவ்வொரு வரி முடிவிலும் கூரை மாதிரி ஒரு குறி, அதை ஒட்டி ஓர் இங்கிலீஷ் எம்.

“இதை நான் போடலையே!”

“உங்க மிஷின் போடுது அண்ணாச்சி. டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா வண்டியை இந்தப் பக்கம் தள்ளணும், பேப்பரையும் ஒரு வரி ஏத்தணும்ல? ரெண்டுக்கும் ரெண்டு குறி வைக்குது உங்க மிஷின். இங்க உள்ளதுக்கு ஒரு குறி போதும். மிச்சக் குறிதான் இந்தக் கூரையும் எம்மும். சும்மா திறந்தா கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது இருந்தா இங்க புரோகிராம் ஓடாது.”

உக்கிரபாண்டி திரைக்குப் பக்கத்தில் போனார். அவள் தள்ளத் தள்ள, குறிகள் வந்துகொண்டே இருந்தன. நாலாயிரத்து இருநூறு! தான் இழைத்து இழைத்து எழுதிய எழுத்துக்குள், தனக்கே தெரியாமல் இத்தனையா குடியிருந்தது? ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிதான் தட்டுப்பட்டது. மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது அவருக்கு.

“உங்க பிளாப்பியை உங்க பேர்ல நான் ஏத்துவேன். பொறவு அண்ணன் இந்தக் குறியெல்லாம் எடுப்பாவ. எடுத்ததும் அம்புட்டு வரியையும் அவிய தொட்டதா மிஷின் எழுதிரும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேலே?”

“சொன்னா விஷயம் மேலிடத்துக்குப் போயிரும், உங்க மிஷினைத் தூக்கிட்டு வேற வச்சிருவாவ அண்ணாச்சி. இந்த வயசுல மறுபடி முதல்ல இருந்து படிப்பியளா?” என்றான் அபுதாஹிர்.

மேனேஜர் விடவில்லை. “அதெல்லாம் சரிப்பா. கடைசியில பேரு உனக்குத்தானே?”

“ஒவ்வொரு தடவையும் ஏன் தொட்டோம்னு ஒரு வரி எழுதணும் சார். அது இங்கிலீஷ்ல இருக்கும். அண்ணாச்சி அதைப் பார்த்திருக்க மாட்டாவ” என்ற நூர்பானு இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்.

மூன்று வருஷம். வாரத்துக்கு ஒன்றாக நூற்றைம்பது தடவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். தமிழில் சொன்னாள்:

“வரி முடிவு மட்டும் சரி செய்யப்பட்டது. எழுதியவர் உக்கிரபாண்டி.”