வாய் திறக்காத மிஸ்

“அந்த மிஸ் வாயைத் திறந்து ஒரு பாடம் நடத்தி நீங்க பார்த்திருக்கீங்களா?” என்றாள் வஜீஹா. அவள் பிள்ளையும் இதே வகுப்புதான்.

கோபாலபுரத்தில் பள்ளிக்கூட வாசல். மகன் அஸ்வத்தை அழைத்துப்போக வந்திருந்த ஜெயபாரதி, இல்லையென்று தலையாட்டினாள்.

“பசங்களை வேன்ல ஏத்தி அடையாறு ஆறு கடல்ல கலக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மணல்ல உட்கார வெச்சு, பாருங்கன்னு கையைக் காட்டிட்டு அவங்களும் உட்கார்ந்துடறாங்க. கேட்டா, அதுதான் படிப்பாம்! ஊரையும் ஆத்தையும் நேர்ல பார்த்துப் படிக்கணுமாம். பார்த்ததை எழுதணுமாம். இதுக்கு அவங்களுக்கு விருதெல்லாம் வேற கொடுத்திருக்காங்க.”

ஜெயபாரதியின் கவலை வேறு. வருகிற சனிக்கிழமை அதே மணலில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்ததை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

அஸ்வத்துக்குத் திக்கும்.

பழைய பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ‘வணக்கம்’ என்று சொல்ல முடியாமல் அவன் மேடையில் நின்றபோது, மொத்தக் கூட்டமும் சிரித்தது. மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றுவிட்டான். கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம்தான் இங்கே சேர்த்திருக்கிறாள். இங்கேயும் அப்படி ஆகிவிட்டால், அப்புறம் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அந்த ஸ்வர்ணலதா மிஸ்ஸே வெளியே வந்தார். ஜெயபாரதி ஓடிப்போய் மறித்தாள்.

“மிஸ், நான் அஸ்வத்தோட அம்மா. சனிக்கிழமை அவனை மட்டும் பேச விடாதீங்க. அவன் எழுதினதை வேற யாராச்சும் படிக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமா போகும் மிஸ்.”

மிஸ் அவளையே பார்த்தார். பிறகு, முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“வரட்டும்.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

“பார்த்தீங்களா தலைக்கனத்தை?” என்றாள் வஜீஹா. “பெத்தவ கெஞ்சுறா. பதில் ஒரே ஒரு வார்த்தை!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயபாரதி மகனிடம் பேசிப் பார்த்தாள்.

“நாளைக்கு வயித்து வலின்னு சொல்லிடலாம்டா.”

“வே... வே...”

“வேற காரணமா? சரி, ஜுரம்னு சொல்லிடலாம்.”

“இல்லம்மா. நான் போ... போ...”

“போக மாட்டியா? அதைத்தானே நானும் சொல்றேன்!”

“போறேன்!” என்று கத்தினான் அஸ்வத்.

சனிக்கிழமை காலை. மேடை இல்லை, மைக் இல்லை. பிள்ளைகள், பெற்றோர், பிரின்சிபால் எல்லாரும் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் ஓர் ஓரமாக, வழக்கம்போல் வாய் திறக்காமல்.

ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். அஸ்வத் எழுந்தான்.

“மீ... மீ... மீ...”

நின்றுவிட்டது. அவன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டான்.

யார் முதலில் சிரிக்கப் போகிறார்களோ? தாங்க முடியாமல், “மீன்தானேடா கண்ணு? மீனைப் பத்தி...” என்று ஜெயபாரதியே ஆரம்பித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். டயானா. அஸ்வத்தின் வகுப்பு.

“ஷ்! சும்மா இருங்க ஆன்ட்டி. அவன் சொல்லுவான்.”

“இல்லம்மா, அவனுக்கு...”

“தெரியும் ஆன்ட்டி. கொக்கு வர்றதுக்கு நாங்க எவ்ளோ நேரம் உட்கார்ந்துகினு இருப்போம் தெரியுமா? நடுவுல சத்தம் போட்டா அது வராது. இதுவும் அப்படித்தான்.”

ஜெயபாரதி சுற்றிலும் பார்த்தாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்றும் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“...மீன்கொத்தி,” என்றான் அஸ்வத். “எல்லாரும் நெனைக்கிற மாதிரி அது பெ... பெரிய கெட்டிக்காரன் இல்ல. தண்ணியில வி... விழும். வெறும் வாயோட வரும். மறுபடியும் அதே க... கம்பத்துல உட்காரும். மறுபடியும் விழும். மறுபடியும் வெறும் வாய். ஆனா மூஞ்சியை மட்டும் நம்ம பி... பிரின்சிபால் மாதிரி கம்பீரமா வெச்சிருக்கும்!”

குபீரென்று சிரிப்பு.

ஜெயபாரதி பதறி எழுந்தாள். அப்புறம்தான் கவனித்தாள். பிரின்சிபாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பது அஸ்வத்தான்.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் அடைத்திருந்த ஒன்று இறங்கிப் போனது. கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தது. அவள் நேராக ஸ்வர்ணலதா மிஸ்ஸிடம் போனாள்.

“மன்னிச்சிடுங்க மிஸ். உங்களைப் பத்தி நான் என்னென்னமோ நெனைச்சுட்டேன். அவன் திக்கினப்ப ஒரு பிள்ளைகூடச் சிரிக்கலையே! என் பையனுக்காக இத்தனை பேரையும் இப்படிப் பொறுமையா இருக்கப் பழக்கி வெச்சிருக்கீங்களே!”

மிஸ்ஸின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஜெயபாரதி மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

“அ... அ... அவனுக்காக இல்லம்மா,” என்றார் மிஸ். “எ... எனக்காகப் ப... பழக்கினது.”