பற்றை வெட்ட வந்தவர்கள்

“ஏன் எல்லாரும் மரம் மாதிரி நிக்கிறியள்?”

ஜெசிக்காவின் குரல் மலைக்காடெங்கும் கேட்டது. அங்கிருந்த பனிச்சறுக்குத் தடத்தைத் தொண்டர்களே பராமரித்தார்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. ஊர்ச்சனத்தின் ஆதரவு இல்லையென்றால் தடத்தை மூடிவிடுவார்களாம். அதற்காகவே பலெர்மோவில் தமிழர் வீடுகளுக்கெல்லாம் ஏறியிறங்கி, பனி விழுமுன் தடத்தில் மண்டிய புதர்ப் பற்றைகளை வெட்ட ஒரு பேருந்து நிறைய ஆட்களைக் கூட்டிவந்திருந்தாள். வந்தவர்களோ, அவள் நின்ற இடத்தைச் சுற்றி நட்டிருந்த சிவப்புத் தடிகளுக்கு வெளியே, தடத்தின் ஓரத்தில் கத்தியும் கையுமாகச் சும்மா நின்றார்கள். இத்தாலியத் தோழிகள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

முன்வரிசையில் நின்றவன், அவளைக் கட்டப்போகிற கௌசிகன்!

“கோயில் திருநாளெண்டா ஓடிவருவியள். இது வெள்ளைக்காரரின்ர விளையாட்டு எண்ட நினைப்போ? என்ர மானம் போகுது. சிவப்புத் தடியளுக்கு உள்ளுக்கை வாங்கோ!”

கௌசிகன் கண்ணை மூடித் திறந்தான். பிறகு, அவளுடைய கால் பதிந்த இடங்களில் மட்டும் கால் வைத்து மெல்ல மெல்ல வந்தான். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வியர்வை.

“இதென்ன பகிடி?” என்றாள் அவள்.

“உந்தச் சிவப்புத் தடியளை ஆர் நட்டது?”

“நான்தான். வெட்டவேண்டிய இடம் தெரியட்டுமெண்டு.”

“வன்னியில சிவப்புத் தடிக்கு அங்காலை கண்ணிவெடி, ஜெசிக்கா. வந்த ஆக்கள் எல்லாரும் வன்னி. இஞ்சை வெடியில்லை எண்டு தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை.”

மூன்று வயதிலேயே இத்தாலிக்கு வந்துவிட்டவள் தான் நட்ட தடிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நீங்கள் மட்டும் ஏன் வந்தனீங்கள்?”

“நீர் உள்ளுக்கை நிண்டீர்.”