எதிர்காலத்தில் ஒரு பிழை

"இன்னிக்காவது சரியா சொல்லும்மா. ஆபரேஷனுக்குப் போறவங்களைத் தப்பும் தவறுமா சொல்லியா அனுப்புறது?"

பிரெஞ்சு வாத்தியார் கோதண்டராமன் சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாததுமாக ஜோதியம்மாளைப் பிடித்துக்கொண்டார். திருவண்ணாமலையிலேயே பிரெஞ்சு இலக்கணம் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பெருமை.

அடி அண்ணாமலையில் வீடெடுத்துத் தங்கியிருந்த எலேன் என்ற பிரெஞ்சுக்கார அம்மாளுக்குச் சமைத்துப் போடுகிறவள் ஜோதியம்மாள். எலேனுக்கு வயிற்றில் கட்டி. ஆறு மாதமாக வாராவாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். இன்று அட்மிஷன், நாளை ஆபரேஷன். பிழைப்பாள் என்று டாக்டர்களே உறுதி சொல்லவில்லை.

ஒவ்வொரு முறை அவள் கிளம்பும்போதும், 'நீ வருவாய்' என்பதை ஜோதியம்மாள் பிரெஞ்சில் 'தூ வெனிரா' என்பாள். அது தப்பு. நம்முடைய 'வா' எப்படி 'வருவாய்' என்று உருமாறுகிறதோ, அப்படி அவர்களுடைய 'வெனிர்' எதிர்காலத்தில் 'வியாந்த்ரா' ஆகிவிடும்.

எலேனும் சலிக்காமல் நின்று, நான் வருவேன், நீ வருவாய், அவன் வருவான் என்று வாய்பாடு முழுவதையும் பிரெஞ்சில் சொல்லித் திருத்துவாள். அடுத்த வாரம் மறுபடியும் அதே வெனிரா. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று, வழியனுப்ப வரும் கோதண்டராமன் பல நாள் தலையில் அடித்துக்கொண்டதுண்டு.

இன்று அவர் விடுவதாக இல்லை. அந்த வாய்பாடு அத்தனையையும் தமிழ் எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

ஜோதியம்மாள் காகிதத்தைத் தொடவேயில்லை. "ழ வியாந்த்ரே, தூ வியாந்த்ரா, இல் வியாந்த்ரா..." என்று பன்மை வரைக்கும் மளமளவென்று ஒப்பித்தாள். ஓர் இடத்திலும் பிசகில்லை. அவருடைய மாணவர்களில் பாதிப் பேருக்கு இது வராது.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்துகொண்டேயா இத்தனை நாளும் தப்பாகச் சொன்னாய் என்று கேட்டார்.

"கிளம்பறப்போ போறேன்னுதான் சார் சொல்றாங்க. வரேன்னு சொல்லுங்கம்மான்னா, நிச்சயமில்லாததைச் சொல்ல மாட்டேன்றாங்க. நான் தப்பா சொன்னாத்தான், திருத்தறதுக்காவது 'நான் வருவேன்'னு அவங்க வாயால வருது."

அதற்குள் எலேன் வெளியே வந்துவிட்டாள். ஜோதியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "போறேன் ஜோதி" என்றாள் தமிழில்.

ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள். "தூ..." என்றதோடு சரி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எலேன் காரில் ஏறி உட்கார, டிரைவர் கதவைச் சாத்தினார்.

கோதண்டராமன் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஓடிப்போய்க் கார் ஜன்னலருகே குனிந்தார். இருபது வருஷமாக ஒரு வினைச்சொல்லிலும் தப்பு விடாத அந்த மனிதர், தெருவுக்கே கேட்கும்படி கணீரென்று சொன்னார்:

"தூ வெனிரா, மதாம்."