வேகத்தைக் குறைத்தவன்

"திரும்பவும் தோத்துட்டேன்டா" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பிக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது ஓர் எமுலேட்டர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். சின்ன வயதில் இருவரும் அடித்துப் பிடித்து ஆடிய செஸ்ஸை அதற்குள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தான். தலையில் ஆபரேஷன் ஆனவளின் மூளைக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அவள் என்றைக்கு மெஷினை ஜெயிக்கிறாளோ, அன்றைக்குத் தான் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்புவதாக அவளிடமே சொல்லிவைத்திருந்தான். தனியாக இருப்பவளை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவளோ ஒரு ஆட்டம்கூட ஜெயித்தபாடில்லை.

அவள் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு திருட்டுத்தனம் செய்தான். அவள் குளிக்கப் போனதும் எமுலேட்டரின் வேகத்தையும் மெமரியையும் குறைத்துவிடுவான். மெஷின் மெதுவானால் குறைவாகத்தான் யோசிக்கும். சுமாராக ஆடுகிறவர்கள்கூட ஜெயித்துவிடலாம். மறுநாள் திறந்தால் இரண்டும் பழையபடி உச்சத்தில் நிற்கும். சேவ் ஆகாத சனியன் என்று திட்டிக்கொண்டே மறுபடி குறைத்துவிட்டுக் காபி போடப் போவான்.

இன்றைக்கு வேகத்தை அடிமட்டத்துக்கே இறக்கியிருந்தான். அப்படியும் தோல்வி.

"சின்ன வயசுல எனக்காக ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுத்திருக்கியா நீ? நான் அழுது புரண்டாலும் அடிச்சிட்டுத்தான் எந்திரிப்ப. அப்படிப்பட்டவ இப்படி ஆயிட்டியேக்கா" என்றான்.

"என்னடா பண்றது. சீக்கிரம் சரியாயிடும்" என்று அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

வாசலுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டான். அவர் முணுமுணுத்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் இன்னும் ஒரு மாதம் இங்கிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார். அக்காவிடம் சொன்னபோது, எதுக்குடா உனக்கு வீண் சிரமம் என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலை. வழக்கம்போல எல்லாவற்றையும் குறைத்துவைத்துவிட்டு அவன் சமையலறைக்குள் நுழைந்தான். பால் பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

முடி முளைக்கத் தொடங்கியிருந்த தலையைத் துவட்டியபடி அக்கா வந்து உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எமுலேட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, கொஞ்சமும் தடுமாறாத விரல்களால் வேகத்தையும் மெமரியையும் உச்சத்துக்கு ஏற்றினாள்.

வேண்டுமென்றே தோற்றுப்போக மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை.