வாசல் விளக்கும் பழைய பசையும்

வாசல் சுவரில் பதித்த விளக்கின் விளிம்பைச் சுற்றி ஒன்பது மழைக்காலமாகக் காய்ந்த பசை கட்டிகட்டியாக அப்பியிருந்தது. "என்னடி, சாப்பிட்டு வாய் துடைக்கவில்லையா?" என்று அழைப்புமணி தினமும் கேட்கும். விளக்கு கூசிப்போகும்.

ஒரு நாள் சுரண்டுகத்தி வந்தது. "ஒரு பொட்டுகூட விடாதீர்கள் அண்ணா," என்றது விளக்கு.

வெந்நீர்த் துணி ஒற்றி இளகவைத்த பசையை, சுவரின் வண்ணம் கீறாமல் கத்தி மெல்ல மெல்லச் சுரண்டியது. பக்கங்கள் உரிந்தன. மேல்விளிம்பு மட்டும் வரவில்லை.

"என்ன பிடிவாதம்!" என்றது விளக்கு.

பசை கத்தியிடம் சொன்னது: "மேற்கே வானம் கறுத்திருக்கிறது. நான் போனால் மழைநீர் இவள் கம்பிக்குள் இறங்கிவிடும். அப்புறம் இவள் எரியவே மாட்டாள். எனக்குப் பதில் ஆள் உண்டா?"

"புதுப் பசை வந்திருக்கிறது."

"அப்படியானால் சரி." ஒரே இழுப்பில் முழுதாக உரிந்து விழுந்தது.

இடுக்கில் எட்டிப் பார்த்த கத்தி அசந்துபோனது. "ஒன்பது மழைக்காலம்! ஒரு திருகாணிகூடத் துருப்பிடிக்கவில்லை, தங்கச்சி."

விளக்கு கீழே கிடந்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

புதுப் பசை வழுவழுவென்று வந்து அமர்ந்தது. "நான் எப்படி இருக்க வேண்டும், அக்கா?"

அழகாக இரு என்று சொல்லத்தான் விளக்கு காலையில் நினைத்திருந்தது.

"கெட்டியாகப் பிடித்துக்கொள்," என்றது.