நாற்பத்தேழாம் கல்

ஒரு தட்டில் இரண்டு அம்மோனைட்டுகள் இருந்தன. பழங்காலக் கடலில் நீந்தி, பிறகு கல்லாகிப்போன சுருள்கள். இரண்டும் ஒரே ஓடைக்கரையில் கிடைத்தவை. சேகரித்தவர் சின்னதன் முதுகில் 46 என்றும் பெரியதன் முதுகில் 47 என்றும் மையால் எழுதி, நோட்டில் அந்த எண்களுள்ள வரிகளில் கிடைத்த இடத்தைக் குறித்திருந்தார்.

மறுநாள் அருங்காட்சியகத்துக்கு ஒரு கல் போக வேண்டும்.

"முதுகில் கறை இருக்கிறது, தேய்த்து விடப்பா" என்றது பெரிய கல்.

"அது கறை இல்லை அண்ணே, உங்கள் எண்" என்றது தட்டோரம் கிடந்த பிரஷ்.

"கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறவனுக்கு எண் எதற்கு? விளிம்பு உடைந்த சின்னவனுக்கு இருக்கட்டும்."

பதினொரு தேய்ப்பில் 47 போய்விட்டது.

காலையில் சேகரித்தவர் பெரிய கல்லைத்தான் முதலில் எடுத்தார். மூன்று முறை திருப்பிப் பார்த்தார். எண் இல்லாத கல் எங்கே கிடைத்தது என்று ஊகித்து எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, சின்னதைப் பஞ்சில் பொதிந்தார்.

"நாம் ஒரே கரை என்று நீயாவது சொல்லேன், தம்பி."

"சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அண்ணே. அவருக்குக் கல் பேசுவது கேட்காது. எழுதியிருந்தால் படிப்பார்."

மின்விசிறிக் காற்றில் நோட்டின் தாள்கள் படபடத்தன. அவர் பெரிய கல்லைத் தூக்கி நோட்டின் மேல் வைத்தார். 47ஆம் வரி அதன் அடியில் இருந்தது.